தலையில் அடிபட்டவர்களுக்கு "ஆக்சிஜன் பேக்கேஜ்": நான் ஏமாந்த கதை

போன தீபாவளிக்கு முந்தின வாரம், சமையலறை மேல் அலமாரிக் கதவு திறந்திருந்தது தெரியாமல் வேகமாக நிமிர்ந்துவிட்டேன். நெற்றியில் நல்ல அடி. அவசரப் பிரிவில் ஸ்கேன் எடுத்து, ரத்தக்கசிவு இல்லை, லேசான மூளை அதிர்ச்சிதான் என்று அனுப்பினார்கள். ஆறு வாரமாகியும் தீரவில்லை. கட்டிலில் வலப்பக்கம் புரண்டால் அறையே சுற்றும். சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலின் விளக்கு வெளிச்சத்தில் தலை பிளக்கும்.

அழுத்தம் கூட்டிய காற்றறைக்குள் படுக்கவைத்து ஆக்சிஜன் கொடுப்பதாகச் சொன்ன ஒரு நிலையத்துக்கு, ஃபேஸ்புக் விளம்பரம் பார்த்துப் போனேன். "மூளைக்கு ஆக்சிஜன் பத்தலக்கா, இருபது தடவை படுத்து எழுந்தா சரியாயிடும்" என்றார் அங்கிருந்த பெண். என் கழுத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை. என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்றும் கேட்கவில்லை. இன்றே கட்டினால்தான் இந்த விலையாம்: 3,600 வெள்ளி, முழுப் பணமும் முன்கூட்டியே. ஜிப் வைத்த, காற்றடித்த கூடாரத்துக்குள் ஒன்பது தடவை படுத்தேன். காது அடைத்ததுதான் மிச்சம். வீட்டிலும் அசையாமல் இருட்டில் கிடக்கச் சொன்னார்கள். உண்மையில் முதல் ஓரிரு நாள் ஓய்வு போதும், பிறகு அறிகுறி பெரிதாகக் கூடாத அளவுக்கு நடக்க வேண்டும். மீதிப் பணத்தைக் கேட்டபோது நான் கையெழுத்திட்ட தாளை நீட்டினார்கள்.

அழுத்தம் கூட்டிய அறையில் ஆக்சிஜன் தரும் சிகிச்சையை, தலையில் அடிபட்ட அமெரிக்க ராணுவத்தினரிடம் சோதித்த ஆய்வு 2015இல் வெளியானது. ஆக்சிஜன் பெற்றவர்களும், லேசான அழுத்தத்தில் வெறும் காற்றைச் சுவாசித்தவர்களும் ஒரே அளவில்தான் தேறினார்கள். பணம் கட்டுவதற்கு முன் இது தெரியாமல் போய்விட்டது.

பிறகுதான் பலதுறை மருந்தகத்துக்கு (அரசு பாலிகிளினிக்) போய்ப் பரிந்துரைக் கடிதம் வாங்கினேன். அது இருந்தால் பொது மருத்துவமனை நிபுணரைச் சலுகைக் கட்டணத்தில் பார்க்கலாம். அங்கே பிசியோ என் தலையை வலப்பக்கம் திருப்பி, மல்லாக்கச் சாய்த்து, கண்களையே உற்றுப் பார்த்தார். கண்மணி தானாகத் துடித்ததாம். அடிபட்டதில் உட்காதின் நுண்துகள்கள் இடம் மாறியிருந்தன. எப்லி என்ற முறையில் தலையைப் படிப்படியாகத் திருப்பி அவற்றைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோனார். இரண்டாம் முறையோடு சுற்றல் நின்றது, அன்று அங்கேயே அழுதுவிட்டேன். தலைவலிக்குக் கழுத்துப் பிடிப்பு ஒரு காரணம், தினமும் விழுங்கிய வலி மாத்திரை இன்னொன்று. மாதத்தில் பாதி நாள் சாப்பிட்டால் மாத்திரையே தலைவலியை நீட்டிக்குமாம்.

அடிபட்ட பிறகு தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலோ, கைகால் தளர்ந்தாலோ உடனே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். அங்கே முடியாவிட்டால் சிறு கோரல்கள் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை கேட்கலாம், பிரச்சினை நடந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழித்துவிடாதீர்கள்.