மடாலயக் கரையோரம் ஒரு கோடை: அமுலியானியா, பத்முவா, அமோர்கோஸா?

போன ஆகஸ்டில் எட்டு நாள் விடுமுறைக்கு எங்கே போவது என்று வீட்டில் இரண்டு மாதம் பேச்சு ஓடியது. ஒரு சின்ன கிரேக்கத் தீவு வேண்டும், அது எனக்கும் மகளுக்கும். கண்ணுக்கெட்டும் தூரத்தில் கடலோர மடாலயம் வேண்டும், அது அம்மாவுக்கு. அம்மாவுக்கு 72 வயது, முட்டி வலி. ஆனால் கோயிலோ மாதா கோயிலோ, பழையது என்று சொன்னால் போதும், பார்க்காமல் விடமாட்டார். கடைசியில் அமுலியானி, பத்மு, அமோர்கோஸ் என்று மூன்று பெயர் மிஞ்சின. போனது அமுலியானிக்கு.

ஆகவே இதை நடுநிலை அலசல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பத்முவுக்கு நானும் மனைவியும் 2017 ஆகஸ்டில் போயிருக்கிறோம். அமோர்கோஸ் நான் மிதிக்காத மண். இரண்டு முறை போய்வந்த தோழி சொன்னதை வைத்துத்தான் அதைப் பற்றிப் பேசுகிறேன்.

கடல், வெயில், வெள்ளைச் சுவர், வறுத்த மீன் எல்லாம் மூன்றிலும் உண்டு. அதை விட்டுவிடுவோம்.

மடாலயம் மட்டுமே கணக்கென்றால் அமுலியானி போட்டியிலேயே இல்லை. அமோர்கோஸில் உள்ள ஹொசோவியோதிசா மடம், கடலிலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்தில், செங்குத்துப் பாறையோடு ஒட்டவைத்த வெள்ளைக் காகிதம் மாதிரி நிற்கிறது. எட்டு அடுக்கு, அகலமோ அதிகபட்சம் ஐந்து மீட்டர். மேலே ஏறி வருகிறவர்களுக்குத் துறவிகள் தண்ணீரும் லுகூமி மிட்டாயும் தருவார்கள் என்று தோழி சொன்னாள். ஆனால் முந்நூறு படி ஏற வேண்டும், ஆகஸ்ட் வெயிலில். அம்மாவின் முட்டி அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

பத்மு வேறு ரகம். விவிலியம் படித்தவர்களுக்குத் தெரியும், யோவான் நாடுகடத்தப்பட்டு இருந்த தீவு. விவிலியத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷம் அங்கே ஒரு குகையில் பிறந்தது என்பது மரபு. துறைமுகமான ஸ்காலாவிலிருந்து மேலே இருக்கும் பழைய ஊரான ஹோராவுக்குப் போகும் வழியில், பாதி ஏற்றத்தில், அந்தக் குகை இருக்கிறது. பாறையில் மூன்றாகப் பிளந்த ஒரு வெடிப்பைக் காட்டுவார்கள். உச்சியில் இருக்கும் மடாலயம் கோட்டை மாதிரி. 1088இல் பைசாந்தியப் பேரரசர் முதலாம் அலெக்ஸியோஸ், கிறிஸ்தோதூலோஸ் என்ற துறவிக்குத் தீவையே எழுதிக்கொடுத்ததில் தொடங்கியது. (அமோர்கோஸ் மடத்தையும் அதே 1088இல் அதே அலெக்ஸியோஸ்தான் புதுப்பித்துக் கொடுத்தார் என்கிறார்கள். மனிதருக்கு அந்த வருடம் வேறு வேலையே இருந்திருக்காது போல.) ஊதாச் சாயமேற்றிய தோலில் வெள்ளி மையால் எழுதிய மாற்கு நற்செய்தியின் ஆறாம் நூற்றாண்டுத் தாள்கள் அங்கே இருக்கின்றன. ஹோராவரை பஸ் போகும். உள்ளே போய் நின்று, மெழுகுவத்தி ஏற்றி, தொட்டுக் கும்பிட வேண்டும் என்றால் பத்முதான். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

அப்படியானால் ஏன் அமுலியானி? கப்பல்தான் காரணம். காற்று என்றும் சொல்லலாம்.

பத்முவிலும் அமோர்கோஸிலும் விமான நிலையம் கிடையாது. ஏதென்ஸில் இறங்கி, பிரயேயுஸ் துறைமுகத்தில் பெரிய கப்பல் ஏறினால் இரண்டுக்கும் ஏழு, எட்டு மணி நேரம் போல ஆகும். அமோர்கோஸுக்கு விரைவுப் படகில் இதைவிடக் குறைவு. நாங்கள் பத்முவில் இறங்கியபோது இரவு இரண்டு மணி. அறை கொடுத்த பாட்டி கையில் டார்ச்சோடு துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்தார். முப்பது வயதில் அது சாகசம். 72 வயது அம்மாவையும் தூக்கக் கலக்கத்தில் ஆறு வயது மகளையும் வைத்துக்கொண்டு அப்படி இறங்குவதை நினைத்துப் பாருங்கள்.

நேரத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மெல்தெமியைப் பொறுக்க முடியாது. ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து அடிக்கும் காற்று இது. வானத்தில் ஒரு மேகம் இருக்காது, வெயில் பளீரென்று அடிக்கும், கடல் மட்டும் வெள்ளை வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருக்கும். ஓரளவுக்கு மேல் போனால் கடலோரக் காவல்படை கப்பல்களை நிறுத்திவிடும். முதலில் விரைவுப் படகுகள், காற்று இன்னும் ஏறினால் பெரிய கப்பல்களும். அதற்குக் கிரேக்கத்தில் ‘அபாகொரெஃப்திகோ’ என்று பெயர். அந்த நீளமான வார்த்தையை நான் கற்றது பத்முவின் துறைமுகத்தில், பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு. அன்று போகவேண்டிய கப்பல் மறுநாள்தான் வந்தது, ஏதென்ஸ் விமானம் போயே போய்விட்டது. புது டிக்கெட் இருவருக்கும் சேர்த்து 380 யூரோ. யாரையும் குறை சொல்ல முடியாது, காற்றோடு யார் வழக்காடுவது?

அதிலிருந்து ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். எட்டு நாளில் போக ஒரு நாள், வர ஒரு நாள், திரும்பும் விமானத்துக்கு முன் காற்றுக்குப் பயந்து ஏதென்ஸில் ஒரு நாள். போகும்போது கப்பல் நேரம் ஒத்துவராவிட்டால் இன்னொரு நாள். தீவில் கிடைப்பது நான்கு அல்லது ஐந்து நாள். செப்டம்பரில் காற்று தணியும் என்கிறார்கள். ஆனால் பள்ளிக்கூடம் இருக்கிறதே.

அமுலியானிக்குத் தெசலோனிகியில் இறங்கி சுமார் 120 கிலோமீட்டர் காரில் போனால் ட்ரிபித்தி என்ற படகுத்துறை வரும். அங்கிருந்து கடலில் கால் மணி நேரம்தான். கோடையில் படகு நாள் முழுக்கப் போய்வந்துகொண்டே இருக்கும், முன்பதிவு வேண்டாம், காரோடு ஏறலாம். காலையில் ஜெர்மனியில் விமானம் ஏறினோம், சாயங்காலம் மகள் கடலில் இருந்தாள். எட்டில் ஏழு நாள் கையில் நின்றது.

இங்கேயும் காற்று உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் தீவு வளைகுடாவின் உள்ளே, ஆதோஸ் தீபகற்பத்தின் மறைவில் கிடக்கிறது. அந்தத் தீபகற்பத்தின் திறந்த முனைதான் ஆபத்து. கி.மு. 492இல் பாரசீகக் கப்பற்படை அந்த முனையைச் சுற்றப் போய்ப் புயலில் சிதறியது. முந்நூறு கப்பல் போயிற்று என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். பன்னிரண்டு வருடம் கழித்துப் படையெடுத்த பாரசீக மன்னர் செர்க்செஸ், அந்த முனையே வேண்டாம் என்று தீபகற்பத்தின் கழுத்தில் இரண்டு கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டிவிட்டார். அந்தக் கால்வாயின் ஒரு வாய் இருந்தது இந்த ட்ரிபித்தி பக்கம்தான். இப்போது தூர்ந்துபோய் வயல்வெளியில் ஒரு பள்ளம், அவ்வளவே. 380 யூரோ இழந்தவனுக்கு செர்க்செஸ் மேல் தனிப் பாசம் வருகிறது.

சரி, அம்மாவுக்குச் சொன்ன மடாலயம்? தீவிலிருந்து பார்த்தாலே ஆதோஸ் மலை தெரியும். 2033 மீட்டர், விடிகாலையில் கடலுக்கு மேல் முக்கோணமாக. அங்கே 20 மடாலயங்கள் இருக்கின்றன. ஆனால் பெண்களுக்கு அனுமதி கிடையாது, ஆயிரம் வருட வழக்கம். ஆண்களுக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். ஒரு நாளைக்கு ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் 100 பேர், மற்றவர்கள் 10 பேர் என்று கணக்கு. கோடைக்குப் பல மாதம் முன்பே எழுதிப்போட வேண்டும். “நீங்க நாலு நாள் சாமியாராப் போயிட்டு வாங்க, நாங்க கடல்ல கிடக்கோம்” என்றாள் மனைவி. போகவில்லை. குடும்ப விடுமுறையில் பாதியை நான் மட்டும் எடுத்துக்கொள்வது சரியாகப் படவில்லை.

தடையைப் பற்றி அம்மாவிடம் சொல்லத்தான் தயங்கினேன். “உள்ள விடமாட்டாங்கன்னா வெளிய நின்னு கும்பிட்டுட்டுப் போறேன்” என்று முடித்துவிட்டார். மகள் மட்டும், ஏன் விடமாட்டார்கள் என்று படகில் ஏறும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். என் பதில் எதுவும் அவளுக்குத் திருப்தி தரவில்லை, எனக்கும்தான்.

வெளியே நின்று கும்பிடுவதற்கு ஊரனூபோலியிலிருந்து சுற்றுலாப் படகு இருக்கிறது. ட்ரிபித்தியிலிருந்து காரில் பத்து நிமிடத்தில் அந்த ஊர். பெண்கள் ஏறிய படகு கரையிலிருந்து 500 மீட்டர் தள்ளித்தான் போகவேண்டும். அந்தத் தூரம் கெடுதல் இல்லை என்று போனபிறகுதான் தெரிந்தது. முதலில் தோஹியாரியு, அடுத்து செனோஃபோந்தோஸ், பிறகு ரஷ்யத் துறவிகளின் பந்தலேயிமோன் தன் பச்சைக் கூம்புகளோடு, ஒரு சின்ன நகரம் மாதிரி. அம்மா எழுந்து நின்றது சிமோனோபெத்ராவைப் பார்த்து. ஒற்றைப் பாறையின் தலையில் ஏழு மாடி, சுற்றிலும் மரத் தாழ்வாரங்கள். 1891இல் எரிந்து திரும்பக் கட்டியது. அந்தப் பாறையும் கட்டடமும் கடலும் ஒரே பார்வையில் விழ வேண்டுமென்றால் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும். பைனாகுலர் கொண்டுபோங்கள். போகும்போது படகின் இடப்பக்கம் உட்காருங்கள்.

இன்னொரு விஷயம். அமுலியானியே ஒரு காலத்தில் ஆதோஸின் வாதொபேதி மடத்துச் சொத்து. மடத்தின் பழைய படகுக் கொட்டகை இன்னும் துறைமுகத்தருகே நிற்கிறது. மர்மரா கடல் தீவுகளிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் 1925இல் குடியேறினார்கள். இப்போதைய ஊர் அவர்களுடைய பிள்ளைகளின் ஊர். ஆகஸ்ட் 15 அன்று மாதா விழாவுக்கு ஊரே கூடியது. ஆதோஸ் மலையில் இன்னும் பழைய ஜூலியன் நாள்காட்டி, 13 நாள் பின்னால். இங்கே விழா நடக்கும்போது அங்கே ஆகஸ்ட் 2தான்.

சைவர்களுக்கு ஒரு குறிப்பு, இது மூன்று தீவுக்கும் பொருந்தும். ஆகஸ்ட் 1 முதல் 14 வரை ஆர்த்தடாக்ஸ் விரத காலம். கடையில் ‘நிஸ்திசிமோ’ என்று கேட்டால் இறைச்சி, பால், முட்டை இல்லாத சாப்பாடு கிடைக்கும். தக்காளியில் வேகவைத்த பெரிய அவரைக்கொட்டை, காய்கறி ப்ரியாம், இலையில் சுற்றிய சோறு. ஆனால் கணவாய், இறால், ஆக்டோபஸ் அவர்கள் விரதத்தில் சேர்த்தி. அதைத் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

அமுலியானியின் குறைகளையும் சொல்லவேண்டும். பத்முவின் ஹோரா மாதிரி இரவில் சுற்ற ஒரு பழைய நகரம் இங்கே இல்லை. ஐந்தாம் நாளே எல்லாத் தெருவும் பழகிவிடும். வார இறுதியில் தெசலோனிகிக்காரர்களும் பல்கேரிய, செர்பியக் கார்களும் வந்து இறங்க, பெரிய கடற்கரையான அலிகேஸில் குடை விரிக்க இடம் தேட வேண்டும். (அலிகேஸ் என்றால் உப்பளம், பின்னாலேயே உப்பு ஏரி இருக்கிறது.) அந்த இரண்டு நாளும் நாங்கள் சின்ன மோட்டார் படகு வாடகைக்கு எடுத்து எதிரில் இருக்கும் த்ரேனியா திட்டுகளுக்குப் போய்விட்டோம். 30 குதிரைசக்திக்குள் என்றால் உரிமம் கேட்பதில்லை. அங்கே சின்னப் பிள்ளைகூட இடுப்பளவுத் தண்ணீரில் நூறு அடி நடக்கலாம்.

இளம் ஜோடி, பத்து நாளுக்கு மேல் விடுமுறை, மலையேற ஆசை என்றால் அமோர்கோஸ் போங்கள். தோழி மூன்றாவது முறை போகத் திட்டமிடுகிறாள். பத்முவுக்கு நாங்களே திரும்பப் போவோம், மகள் வளர்ந்தபின், கோஸ் அல்லது சாமோஸ் விமான நிலையத்தில் இறங்கிப் படகு பிடித்து. அந்த வழி சுருக்கம் என்கிறார்கள், நாங்கள் போய்ப் பார்த்ததில்லை.

திரும்பும் நாள் அமுலியானித் துறையில் கார் வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் இரண்டு கார் இருக்கும்போது படகு நிரம்பி, சங்கிலியைப் போட்டுவிட்டார்கள். எனக்குப் பத்மு ஞாபகம் வந்து வயிறு கலங்கியது. அம்மா கடையில் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு வருவதற்குள் அடுத்த படகு வந்து நின்றது.