ஒரு சோலார் பனல், மூன்று பற்றரி: வெள்ளவத்தை மாடியில் நீண்டகாலப் பாவனை

150 வாட் பனல் ஒன்று, பனலிலிருந்து பற்றரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் 20 அம்பியர் பிடபிள்யூஎம் கொன்ட்ரோலர் ஒன்று, 12 வோல்ட் 40 அம்பியர்-மணி ஏஜிஎம் (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத, மூடிய ஈய அமில) பற்றரி மூன்று, சமாந்தரமாக: நேரோடு நேர், மறையோடு மறை. கரண்ட் போனால் டீசி ஃபேன் இரண்டு, நாலைந்து எல்ஈடி, ரவுட்டர் ஓட இது தாராளம். ஆனால் மூன்று பற்றரியும் ஒரேயளவாக உழைப்பது வயர் கொழுவும் விதத்தில்தான் இருக்கிறது.

வழமையாக கொன்ட்ரோலரின் இரண்டு வயரையும் முதலாவது பற்றரியில் கொழுவி, மற்ற இரண்டையும் அதிலிருந்து இழுத்துவிடுவார்கள். அப்போது முதலாவதுதான் கூட ஏறி, கூட இறங்கும்; முதலில் பழுதாவதும் அதுதான். கடைசி முழுதாக நிரம்பாமலே கிடக்க, தகட்டில் சல்பேட் படிந்து கொள்ளளவு குறையும். நேர் வயரை முதலாவதிலும் மறை வயரைக் கடைசியிலும் எடுத்தால் பெரும்பகுதி சரிவரும். ஆனாலும் நடுப் பற்றரி சற்றுக் குறைவாகவே வாங்கும். நேருக்கு ஒன்று, மறைக்கு ஒன்று என இரண்டு செப்புப் பட்டை வைத்து, ஒவ்வொரு பற்றரிக்கும் ஒரே நீளத்தில் 6 சதுர மி.மீ. வயர் விடுவது மேல். ஒவ்வொரு நேர் முனையிலும் 30 அம்பியர் பியூஸ் கட்டாயம். ஒன்றில் ஒரு செல் ஷோர்ட்டானால் மற்ற இரண்டும் தங்கள் சார்ஜை அதற்குள் கொட்டிச் சூடாக்கிவிடும்.

சேர்ந்திருக்கும்போது மூன்றும் ஒரே வோல்ட்தான் காட்டும், அதை நம்ப வேண்டாம். டீசி அளக்கும் கிளாம்ப் மீற்றரை ஒவ்வொரு வயரிலும் போட்டு அம்பியரைப் பாருங்கள். இல்லையெனில் கழற்றி ஓர் இரவு தனியே வைத்து வோல்ட்டை அளந்து பாருங்கள்.

பனல் தருவது உச்ச வெயிலில் 8 அம்பியர் அளவுதான். நல்ல நாளில் 35 அம்பியர்-மணி ஏறினால் பெரிய காரியம். மூன்றையும் பாதிவரை இறக்கினால் திரும்ப நிரப்ப 60 அம்பியர்-மணி தேவை, அதாவது இரண்டு வெயில் நாள். மூன்றாவது பற்றரி சேமிப்பைக் கூட்டும், சார்ஜைக் கூட்டாது. மே முதல் செப்டெம்பர் வரை மப்பு நாட்களில் ஒன்றைக் கழற்றி, முழுதாக ஏற்றித் தனியே வைப்பதுதான் புத்தி.

மாடியிலிருந்து 10 மீற்றர் இறக்கினால் 2.5 சதுர மி.மீ. வயரில் ஒரு வோல்ட்டுக்கு மேல் தொலையும். 6இல் அரை வோல்ட். பனலைத் தெற்கு நோக்கி 10 பாகை சாய்த்தால் மழையே கழுவிவிடும். தண்ணீர்த் தாங்கியின் நிழல் பனலின் ஒரு மூலையில் விழுந்தாலே வரும் மின்சாரத்தில் பாதி போய்விடும். கடற்காற்றுக்கு ஸ்டெயின்லெஸ் ஆணி, முனைகளில் வாஸ்லின்.

பழைய கார் பற்றரியை இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். இரவில் மற்றவற்றை உறிஞ்சும். அதற்கும் சார்ஜ் வேண்டுமானால் 13.3 வோல்ட்டில் சேர்த்து 12.8இல் பிரிக்கும் வோல்ட்டேஜ் ரிலே போடலாம். ஒரே பனலில் இரண்டு கொன்ட்ரோலர் கொழுவுவது வேண்டாம், ஒன்றையொன்று குழப்பும். லித்தியத்தை ஈய அமிலத்துடன் சமாந்தரமாக இணைக்கவே கூடாது.

கொழுவும்போது முதலில் பற்றரி, பிறகு பனல். கழற்றும்போது முதலில் பனல்.