கலியாணவீட்டு டிவிடிக்கு எந்த பிளேயர்?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்க வீடுகளில் அலுமாரியைத் திறந்தால், இருக்கிற டிவிடிகளில் முக்கால்வாசி கலியாணவீடும் சாமத்தியவீடும்தான். மிச்சம் தமிழ்ப் படங்கள். ஆகவே பிளேயர் வாங்கும்போது பெட்டியில் '4கே' என்று போட்டிருக்கிறதா என்பதை விட, இந்தப் பழைய டிவிடிகளை அது எப்படிக் காட்டுகிறது என்பதுதான் முதற் கேள்வி.

எங்கள் ஊர் வீடியோக்காரர் தந்தது 'பால்' (PAL) என்ற ரீவி முறை. 576 வரிகள், ஒற்றை வரிகள் ஒரு முறை, இரட்டை வரிகள் மறுமுறை என்று நொடிக்கு 50 அரைப்படங்கள். இன்றைய தட்டை ரீவி முழுப்படத்தைத்தான் காட்டும். அந்த அரைப்படங்களை யாராவது சேர்க்க வேண்டும். தரம் தெரிவது அங்கேதான்.

மஞ்சள் வயர் மட்டும் உள்ள மலிவு பிளேயரில் வெளிச்சமும் நிறமும் ஒரே வயரில் கலந்து வருவதால், கூறைச்சேலைக் கரையில் சின்னப் புள்ளிகள் ஊரும். எச்டிஎம்ஐ (படத்தையும் ஒலியையும் ஒரே வயரில் டிஜிட்டலாக அனுப்பும் இணைப்பு) உள்ள மலிவு பிளேயர் '1080' வரிகள் என்று பெருமை பேசும். ஆனால் சில இரண்டு அரைப்படங்களையும் அப்படியே கோர்த்துவிடும். அறுகரிசி போடும் கைகளின் ஓரம் சீப்புப் பல்லாகத் தெரியும். வேறு சில ஒரு பாதியை மட்டும் எடுத்து இழுத்து நிரப்பும். மணவறைத் தூணின் சாய்ந்த கோடுகள் படியாகி மினுங்கும். நல்ல புளூரே பிளேயர் அசையாத இடத்தைக் கோர்த்து, அசைகிற இடத்தை மட்டும் கணக்கிட்டு நிரப்பும். கமெரா சபையை ஒருமுறை சுற்றி வரும் காட்சியைப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

ரீவி நல்லதாக இருந்தால் பிளேயரின் 1080-ஐ நிறுத்தி, 576-ஆகவே அனுப்பிப் பாருங்கள். பல நேரம் ரீவியே இந்த வேலையை ஒழுங்காகச் செய்யும்.

தமிழ்ப் படங்களின் கதை வேறு. என்டிஎஸ்சி (அமெரிக்கா, கனடாப் பக்க ரீவி முறை) டிவிடியில் சினிமாவின் நொடிக்கு 24 முழுப்படங்கள் 60 அரைப்படங்களாக நீட்டப்பட்டிருக்கும். நல்ல பிளேயர் அதைக் கண்டுபிடித்துப் பழையபடி சேர்க்கும். பால் டிவிடியில் 24-ஐ 25 ஆக்கி ஓட்டுவதால் பாட்டு ஒரு இழை கூடுதல் சுருதியில் கேட்கும். காது கூர்மையானவர்களுக்கு எரிச்சல்தான்.

புளூரே தட்டுக்கு மட்டும் என்றால் விலைகூடிய பிளேயர் வீண் என்பேன். படம் 1080-இல், 24-ஆகவே இருக்கிறது. பிளேயர் செய்ய அதிகம் இல்லை. 4கே தட்டில் மறுபடி வித்தியாசம் வரும். வெளிச்சம் குறைந்த ரீவிக்கு பனசொனிக் யூபி820 பிளேயர் எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடையே கூடிய வித்தியாசம் காட்டும் முறை) பிரகாசத்தை அடக்கி ஒத்துப்போக வைக்கும். சொனி எக்ஸ்800எம்2-இல் டொல்பி விஷன் என்ற எச்டிஆர் வகையை நாமே போட்டு நிறுத்த வேண்டும், அலுப்பு.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் அனுப்புவதாக இருந்தால் லண்டன் பிளேயரைக் கேளுங்கள். கனடாவில் விற்கிற பல பிளேயர்கள் பால் டிவிடியை ஏற்காது, அதாவது கலியாணவீடு ஓடாது. அங்கே மின்சாரமும் 120 வோல்ட், இங்கே 230. லண்டன் பிளேயர் பால், என்டிஎஸ்சி இரண்டு முறையையும் ஓட்டும். தடை பிரதேச எண்தான், அதாவது எந்த நாட்டுத் தட்டு எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்ற பூட்டு: டிவிடிக்கு அவர்களுடையது 2, எங்களுடையது 5, புளூரேக்கு அவர்களுடையது பி, எங்களுடையது சி. கலியாண டிவிடிக்கும் 4கே தட்டுக்கும் அந்தத் தொல்லை இல்லை.