தூக்கி வந்த குட்டியை எங்கே வைப்பது: ஹால் கூண்டா, தனி ரூமா, பாத்ரூமா?

தத்து போகும்வரை ஒரு மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தெருக்குட்டியைத் தூக்கி வருகிறோம், வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனை இருக்கிறது. அன்று ராத்திரியே குட்டி தும்ம ஆரம்பித்தால், நம் பூனைக்கும் ஒட்டிவிடுமோ என்று நமக்குத் தூக்கம் போய்விடும். எனக்கும் போயிருக்கிறது.

ஹால் மூலையில் கூண்டு வைப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. கம்பி தடுப்பது கடியை மட்டும்தான். எஃப்ஐவி, அதாவது பூனையின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ், பெரும்பாலும் கடியில் பரவுவது, அதற்குச் சரி. ஆனால் பூனை ஃப்ளூ தும்மலில் ஒரு மீட்டருக்கு மேலும் தெறிக்கும், நம் பூனையோ நேராகக் கூண்டுக்குப் போய் மூக்கோடு மூக்கு வைத்துத்தான் முகர்ந்து பார்க்கும்.

தனி பெட்ரூம் எவ்வளவோ மேல். ஃப்ளூவைக் கிளப்பும் ஹெர்பிஸ் வைரஸ் வெளியே ஒரு நாளுக்கு மேல் தாங்காது, கதவைச் சாத்தினாலே பாதிக் கவலை தீரும். சிக்கல் வேறு இரண்டு நோய்களில்தான். பான்லூக்கோபீனியா, அதாவது பூனைகளுக்கு வரும் பார்வோ, ஒரு வருடம்வரைகூட அறையில் கிடக்கும். படர்தாமரைப் பூஞ்சையும் அப்படித்தான், அது நாய்க்கும் நமக்கும்கூட ஒட்டும். மெத்தை, திரைச்சீலை, சோபா இருக்கும் அறையில் இவற்றை எதைக் கொண்டு கழுவுவீர்கள்?

அதனால்தான் இரண்டாவது பாத்ரூம் இருந்தால் நான் அதையே தேர்ந்தெடுப்பேன். தரையும் சுவரும் டைல்ஸ். அழுக்கைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் 30 மில்லி ப்ளீச் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டு அலசினால் பார்வோ சாகும். அதுவரை குட்டியை கேரியரில், அதாவது பூனையைத் தூக்கிப்போகும் கூடையில், போட்டு வெளியே வைத்துவிடுங்கள். நம் வீடுகளில் எதற்கெடுத்தாலும் ஃபினாயில்தான், அது பார்வோவைக் கொல்வதை நம்ப முடியாது, பூனைக்கோ விஷம். டெட்டாலும் வேண்டாம். பாத்ரூமில் ஈரம், குளிர், தனிமை எல்லாம் உண்டுதான், அட்டைப்பெட்டியில் பழைய வேட்டியை மடித்துப் போட்டு, வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தினமும் கொஞ்ச நேரம் கூடவே உட்கார்ந்தால் குட்டி சமாளித்துக்கொள்ளும்.

எந்த அறையானாலும் நோயைச் சுமந்து போவது நம் கையும் செருப்பும் உடையும்தான். நான் கதவுக்குப் பின்னால் ஒரு பழைய நைட்டியை மாட்டி வைத்திருக்கிறேன், உள்ளே போகும்போது போட்டுக்கொண்டு வரும்போது அங்கேயே கழற்றிவிடுவேன். முதலில் வீட்டுப் பூனைக்குச் சாப்பாடு, அப்புறம்தான் குட்டிக்கு. கதவுக்கடியில் எங்கள் பூனை கையை விட்டுத் துழாவும், குட்டியும் உள்ளே இருந்து அதை நக்கப் பார்க்கும். அந்த இடைவெளியைத் துண்டைச் சுருட்டி அடைத்துவிடுங்கள்.

காசு கொடுத்து குட்டியைப் பூனைகளைப் பார்த்துக்கொள்ளும் போர்டிங்கில் விடலாமா? வீட்டுப் பூனைக்கு பார்வோவுக்கும் ஃப்ளூவுக்குமான ட்ரைகேட் தடுப்பூசி போடாமல் இருந்தால், அல்லது அது வயதாகி நோயோடு இருந்தால், நான் விடுவேன். அங்கேயும் புதுக்குட்டிகளைத் தனியாக வைக்கிறார்களா என்று நேரில் பார்த்துவிட்டுத்தான். ஊசி போட்ட பூனை என்றால் பார்வோவுக்கு நல்ல பாதுகாப்பு உண்டு, ஃப்ளூவுக்கு அப்படியில்லை, வந்தால் வேகம் குறைவாக இருக்கும், அவ்வளவுதான்.

எத்தனை நாள்? குறைந்தது 14. படர்தாமரை வெளியே தெரிய மூன்று வாரம்கூட ஆகலாம் என்பதால் நான் 21 வைத்துக்கொள்கிறேன். எச்சிலில் பரவும் எஃப்இஎல்விக்கு, அதாவது பூனைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வரவைக்கும் வைரஸுக்கு, ஒரு டெஸ்ட் நெகட்டிவ் என்றாலும் ஒரு மாதம் கழித்து மறுபடி பாருங்கள், அதுவரை தட்டும் கிண்ணமும் தனித்தனி.

குட்டி வாந்தியெடுத்து, சாப்பாட்டைத் தொடாமல், தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப்போட்டுக் குடிக்காமலே உட்கார்ந்திருந்தால் எந்த அறை என்ற பேச்சே வேண்டாம், விடியும்வரை காத்திருக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள். பார்வோ சந்தேகம் என்று முன்கூட்டியே போனில் சொல்லிவிடுங்கள், மற்ற பூனைகள் காத்திருக்கும் இடத்தில் கேரியரை இறக்கி வைக்காமல் நேரே உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள்.