கணுக்கால் வலிக்கு எது சரி: உருவலா, மாத்திரையா, ஊசியா, ஓய்வா, பயிற்சியா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் கணுக்கால் வலி என்று சொன்னாலே ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். தைலம் போட்டு உருவச் சொல்வார் ஒருவர், பார்மசியில் மாத்திரை வாங்கச் சொல்வார் இன்னொருவர். ஒரு ஊசி போட்டால் போதும் என்பார்கள், கொஞ்ச நாள் நடக்காமல் இரு என்பார்கள். பயிற்சி செய்யச் சொல்பவர்தான் அரிது. இவற்றில் எது நல்லது என்பது, வலிப்பது மூட்டின் உள்சவ்வா, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணா என்பதைப் பொறுத்தது.

மூட்டின் உள்ளே வழுக்குநீர் சுரக்கும் மெல்லிய சவ்வு இருக்கிறது. சுளுக்கு, யூரிக் அமிலம், முடக்குவாதம் போன்றவற்றால் அது அழற்சி அடைந்தால் நீர் கோத்து மூட்டைச் சுற்றி வீங்கும், தொட்டால் சூடாக இருக்கும். முடக்குவாதம் என்றால் காலையில் எழும்போது வரும் விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். தசைநாண் வலி அப்படியில்லை. பெரும்பாலும் ஒரு விரலால் இடத்தைக் காட்டிவிடலாம். எழுந்ததும் முதல் சில அடிகள் வலிக்கும், நடக்க நடக்கக் குறையும், வேலை முடிந்தபின் திரும்ப வரும். குதிகாலுக்கு மேலே 2 முதல் 6 சென்டிமீட்டருக்குள் வலித்தால், கெண்டைக்கால் சதையைக் குதிகாலோடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநாணைச் சந்தேகிக்கலாம். உள்கணுவுக்குப் பின்னால் வலித்து, பாதவளைவும் தட்டையாகிக்கொண்டே போனால் அலட்சியம் வேண்டாம். நடுத்தர வயதுப் பெண்களுக்கு இது அதிகம். வெளிக்கணுவுக்குப் பின்னால் என்றால் பழைய சுளுக்கின் மிச்சமாக இருக்கலாம். மேட்டிலும் பள்ளத்திலும் பூட்ஸ் போட்டு நாள் முழுக்க செம்பனைக் குலை அறுப்பவருக்கும், இருட்டோடு எழுந்து பால் மரம் (ரப்பர்) வெட்டப் போகிறவருக்கும் இந்த நாண்கள்தான் சுமை தாங்குகின்றன.

உருவலை நான் முழுதாகத் தள்ளமாட்டேன். கெண்டைக்கால் சதையை இதமாக நீவினால் இறுக்கம் தளரும். ஆனால் சிவந்து சூடாக வீங்கிய மூட்டையும், அன்றைக்குத்தான் சுளுக்கிய காலையும் அழுத்தி உருவுவது கெடுதல்.

வலி மாத்திரை சவ்வு அழற்சிக்கு நன்றாகவே கேட்கும். நாள்பட்ட நாண் கோளாறில் அழற்சியைவிட இழைகள் சிதைந்து ஒழுங்கு குலைவதே பெரிய பிரச்சினை. அங்கே மாத்திரை வலியை மறைக்கும், நாணைச் சரிசெய்யாது. சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகளைத் தாங்களாக வாங்கிப் போடவே கூடாது.

ஸ்டீராய்டு ஊசியும் அப்படித்தான். கிருமித்தொற்று இல்லை என்று உறுதி செய்து மூட்டுக்குள் போட்டால் வீக்கம் வடியும். அக்கிலிஸ் நாணுக்குள் போட்டால் நாண் அறுந்துபோகும் அபாயம் உண்டு. சிப்ரோபுளோக்சசின் வகைக் கிருமிக்கொல்லிக்கும் இந்த ஆபத்து உள்ளதால், அதைச் சாப்பிடும்போது குதிகால் வலித்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஓய்வா பயிற்சியா என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வீங்கிய மூட்டுக்குச் சில நாள் ஓய்வும் ஐஸ் ஒத்தடமும் சரி. நாணுக்கு முழு ஓய்வு கொடுத்தால் அது இன்னும் பலவீனமாகும், வேலைக்குத் திரும்பியதும் வலியும் திரும்பும். அதற்குத் தேவை அளவான சுமை. ஸ்வீடன் மருத்துவர் ஹாகன் ஆல்பிரெட்சன் 1998-ல் வெளியிட்ட பயிற்சி எளிமையானது. படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, நல்ல காலால் உயர்ந்து, வலிக்கும் காலால் மெதுவாகக் குதிகாலை இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி 15 முறை வீதம் 3 தடவை, லேசாக மடக்கி அதேபோல் 3 தடவை. காலையும் மாலையும், 12 வாரம். கொஞ்சம் வலி இருந்தால் பரவாயில்லை, தாங்கமுடியாமல் போனால் குறையுங்கள். நாண் குதிகால் எலும்பில் ஒட்டும் இடத்திலேயே வலி என்றால் படி வேண்டாம், தரையிலேயே செய்யுங்கள். தோட்டத்து லயத்து வீட்டு வாசற்படியே போதும், காசு செலவில்லை. என்னைக் கேட்டால், அக்கிலிஸ் வலிக்கு முதலில் இதைத்தான் சொல்வேன். பாதவளைவு சரிகிறவர்களுக்குப் பயிற்சியோடு செருப்புக்குள் தாங்குதளமும் வேண்டும்.

காய்ச்சலோடு மூட்டு கொதித்தாலோ, குதிகாலுக்கு மேலே ‘டக்’கென்று அறுந்ததுபோல் உணர்ந்து முன்பாதத்தில் எம்ப முடியாமல் போனாலோ, சர்க்கரை உள்ளவரின் பாதம் வலியே இல்லாமல் சூடாக வீங்கினாலோ, வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

மற்றபடி அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான் (ரிங்கிட்). அங்கே பிசியோவுக்கு (பயிற்சி சிகிச்சைக்கு) எழுதித் தரும்படி நீங்களே கேளுங்கள், போகும்போது வேலைக்குப் போடும் பூட்ஸையும் எடுத்துப்போங்கள்.