போன் சர்வீஸுக்கு குடுக்கறப்ப லாக் நம்பர் சொல்லாதீங்க, வாங்கினதும் பாஸ்கீ லிஸ்ட்ட பாருங்க

மதுரைல ஒரு மொபைல் சர்வீஸ் கடைல போன் குடுத்து நான் மாட்டிக்கிட்ட கதை இது. போலீஸ் கம்ப்ளைன்ட் போயிட்டு இருக்கறதால கடை பேர் போடல. ஆனா நடந்தத முழுசா சொல்லிடறேன், ஏன்னா எனக்கு தெரியாம இருந்த ஒரு விஷயம் உங்கள்ல பல பேருக்கும் தெரிஞ்சிருக்காதுனு நெனைக்கிறேன்.

நான் வீட்ல பிளவுஸ் தைக்கிறேன், ஆரி ஒர்க்கும் பண்றேன். கஸ்டமர் அளவு, அட்ரஸ், ஃபிட்டிங் பாக்கறப்ப எடுத்த போட்டோ எல்லாமே போன்லதான், அது அப்படியே கூகுள் அக்கவுண்ட்ல ஏறிடும். போன மாசம் போன் கீழ விழுந்து ஸ்கிரீன் பாதி கருப்பாயிடுச்சு. கடைல இருந்த பையன் "அக்கா, இந்த மாடல்ல ஃபிங்கர்பிரிண்ட் டிஸ்ப்ளேக்கு அடிலதான் இருக்கு, புது டிஸ்ப்ளே போட்டா கேலிபரேட் பண்ணி டெஸ்ட் பண்ணணும், லாக் நம்பர் சொல்லிட்டு போங்க"ன்னான். அவன் சொன்னதுல பொய்யும் இல்ல, அந்த மாதிரி போன்ல டிஸ்ப்ளே மாத்தினா கேலிபரேஷன் நெஜமாவே தேவைப்படும், அதனாலதான் எனக்கு சந்தேகமே வரல. ஆறு நம்பரையும் சொன்னேன், அவன் ஒரு சின்ன ஸ்டிக்கர்ல எழுதி போன் பின்னாடியே ஒட்டினான். காலைல குடுத்தது சாயங்காலம் 5,500 ரூபாய் குடுத்து வாங்கிட்டு வந்தேன், டச் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி பேங்க் ஆப்ப தொறந்தா, போன்ல கைரேகை மாறியிருக்கு, எம்பின் போட்டு மறுபடி ஆன் பண்ணுங்கனு வந்துச்சு. டிஸ்ப்ளே மாத்தினதால வருது போலனு எம்பின்ன போட்டுட்டு வேலைய பாக்க போயிட்டேன். அது டிஸ்ப்ளேவால வரல. போன்ல புதுசா ஒரு விரல சேத்தா பல பேங்க் ஆப் கைரேகை லாகின்ன தானா நிறுத்திடும், அதுக்காகவே அப்படி வச்சிருக்காங்க. அன்னைக்கே செட்டிங்ஸ்ல போய் பாத்திருந்தா என் விரலுக்கு கீழ இன்னொரு விரல் இருந்தது தெரிஞ்சிருக்கும்.

ஒன்பது நாள் கழிச்சு நான் லேஸ், பீட்ஸ் எல்லாம் வாங்கற ஷாப்பிங் ஆப்ல வாலட்ல இருந்த 6,400 ரூபாய் காலி. கிஃப்ட் கார்டா வாங்கியிருக்காங்க. எனக்கு ஓடிபி வரவே இல்லையேனு பாத்தா அது ஜிமெயிலுக்கு வந்து, அங்கயே அழிச்சு, ட்ராஷையும் காலி பண்ணியிருக்காங்க. கூகுள் அக்கவுண்ட்ல உங்க டிவைஸ்கள்னு ஒரு பக்கம் இருக்கும்ல, அதுல என் போனோட சேத்து ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரும் நின்னுச்சு. எங்க வீட்ல கம்ப்யூட்டரே கிடையாது. அதை சைன் அவுட் பண்ணி பாஸ்வேர்ட மாத்திட்டு, அப்பாடா முடிஞ்சதுனு இருந்தேன். மூணாவது நாள் அதே கம்ப்யூட்டர் திரும்ப லிஸ்ட்ல நிக்குது. பாஸ்வேர்ட நான் யார்கிட்டயும் சொல்லல, எங்கயும் எழுதி வைக்கல, கையெல்லாம் நடுங்கிடுச்சு எனக்கு.

எங்க அக்கா பையன் இன்ஜினியரிங் படிக்கிறான், அவன்தான் வந்து பாத்துட்டு "சித்தி, அவனுக்கு உங்க பாஸ்வேர்டே தேவையில்ல, பாஸ்கீ வச்சிருக்கான்"ன்னான்.

பாஸ்கீனா பாஸ்வேர்ட் இல்லாம விரல் வச்சோ முகத்த காட்டியோ லாகின் பண்றது, கூகுள் அக்கவுண்ட்டுக்கு 2023 மே மாசம் வந்துச்சு. உங்க விரல் ரேகை கூகுளுக்கு போகாது, போன்லயே ஒரு ரகசிய சாவி இருக்கும், விரல் வச்சா அந்த சாவி வேலை செய்யும், கூகுள்கிட்ட அதுக்கு ஜோடி சாவி மட்டும்தான் இருக்கும். போலி வெப்சைட்ல போய் மாட்டினாலும் இந்த சாவி அங்க வேலை செய்யாது, அதனால பாஸ்வேர்ட விட இது நல்ல ஏற்பாடுதான், அதை நான் குறை சொல்லவே இல்ல. ஆனா விரல் வைக்க முடியலைன்னா போன் லாக் நம்பர போட்டாலும் அந்த சாவி தொறக்கும். இதுதான் எனக்கு தெரியாது. என் விரல் இருந்தாதான் தொறக்கும்னு நம்பிட்டு இருந்தேன், கடைசில பார்த்தா அந்த ஆறு நம்பர்லதான் எல்லாமே இருந்திருக்கு.

கடைப் பையன் எப்படி பண்ணியிருப்பான்னா, கடை கம்ப்யூட்டர்ல கூகுள் லாகின் பக்கத்த தொறந்தா ஒரு க்யூஆர் கோட் வரும், அதை என் போன்ல ஸ்கேன் பண்ணி லாக் நம்பர போட்டா உள்ள போயிடலாம். போன் பக்கத்துலயே இருக்கணும், ப்ளூடூத் ஆன்ல இருக்கணும், தூரத்துல இருக்கறவன் ஏமாத்தக் கூடாதுனுதான் அந்த ரூல். என் போன் நாள் முழுக்க அவன் டேபிள்லதான் இருந்துச்சு. உள்ள போனதும் அந்த கம்ப்யூட்டர்லயே எனக்கு தெரியாம ரெண்டாவதா ஒரு பாஸ்கீ போட்டு வச்சிருக்கான். அப்புறம் என் போனே தேவையில்ல, அவன் கம்ப்யூட்டர் லாக்க தொறந்தா என் ஜிமெயில் தொறக்கும். நான் பாஸ்வேர்ட எத்தன தடவ மாத்தினாலும் பாஸ்கீ போகாது, அதை தனியா போய்தான் அழிக்கணும்.

கூகுள் அக்கவுண்ட்ல செக்யூரிட்டி பக்கத்துல பாஸ்கீனு தட்டினா லிஸ்ட் வருது. என் போனோடது ஒண்ணு, அது தானா உருவாகறது, பயப்பட வேண்டாம். இன்னொண்ணு விண்டோஸ் ஹலோனு இருந்துச்சு, அதாவது விண்டோஸ் கம்ப்யூட்டரோட லாக், உருவாக்குன தேதி என் போன் கடைல இருந்த அதே நாள். பதட்டத்துல ஸ்கிரீன்ஷாட் எடுக்காம உடனே அழிச்சிட்டேன். தயவு செஞ்சு நீங்க அப்படி பண்ணிடாதீங்க, சைபர் கிரைம்ல மொதல்ல கேட்டதே அதைத்தான்.

கடைக்கு போய் கேட்டா "அந்த பையன் வேலைய விட்டு நின்னுட்டான்க்கா, எங்களுக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு ஓனர் சொல்றார். கம்ப்யூட்டர் மட்டும் அதே டேபிள்ல இருக்கு. அன்னைக்கே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் பண்ணி புகார் குடுத்தேன், நம்பர் குடுத்திருக்காங்க. கிஃப்ட் கார்ட ஏற்கனவே யூஸ் பண்ணிட்டதால காசு திரும்ப வர்றது கஷ்டம்னு ஷாப்பிங் ஆப்காரங்க சொல்லிட்டாங்க.

போன ரிப்பேருக்கு குடுக்கறதுக்கு முன்னாடி சாம்சங்னா மெயின்டெனன்ஸ் மோட், பிக்ஸல்னா ரிப்பேர் மோட் ஆன் பண்ணி குடுங்க, கடைக்காரர் டச், கேமரா எல்லாம் டெஸ்ட் பண்ணலாம், உங்க டேட்டா அவருக்கு தெரியாது. உங்க போன்ல அது இல்லைன்னா பேக்கப் எடுத்துட்டு ரீசெட் பண்ணி குடுங்க, இல்ல கூடவே உக்காந்து நீங்களே லாக் எடுத்து விடுங்க, ரெண்டு மணி நேரம் ஆனாலும் பரவால்ல. ஐபோன்ல ஸ்டோலன் டிவைஸ் ப்ரொடெக்‌ஷன்னு 2024ல இருந்து ஒண்ணு இருக்கு, அதை ஆன் பண்ணிட்டா வெளியிடத்துல இருக்கறப்ப முக்கியமான விஷயத்துக்கு வெறும் நம்பர் செல்லாது, முகமோ விரலோ கேக்கும். சில ஆண்ட்ராய்ட் போன்லயும் ஐடென்டிட்டி செக்னு இதே மாதிரி வந்திருக்கு. ஏற்கனவே குடுத்து வாங்கியிருந்தா இன்னைக்கே லாக் நம்பர மாத்திட்டு, கைரேகை லிஸ்ட், பாஸ்கீ லிஸ்ட், டிவைஸ் லிஸ்ட் மூணையும் பாருங்க. பிரவுசிங் சென்டர்லயோ ஆஃபீஸ் கம்ப்யூட்டர்லயோ பாஸ்கீ உருவாக்கவான்னு கேட்டா வேண்டாம்னு குடுங்க.

6,400 ரூபாய் ரெண்டு மாசத்துல சம்பாதிச்சிடுவேன். என்ன நம்பி ஃபிட்டிங் போட்டோ எடுக்க விட்ட பொண்ணுங்ககிட்ட என்ன சொல்றதுனுதான் ராத்திரி தூக்கமே இல்ல. மறைக்க மனசு வரல. ஒவ்வொருத்தருக்கா நானே போன் பண்ணி நடந்தத சொல்லிட்டு இருக்கேன், இன்னும் பதினோரு பேர் பாக்கி.