பம்ப் கப்ளிங் றப்பரை மாற்றியதாகச் சொல்லிக் காசு வாங்கும் ஆள்: தொடர்மாடிக்காரர் கவனம்

வெள்ளவத்தைப் பக்கத் தொடர்மாடிகளுக்குத் தண்ணீர்ப் பம்ப் திருத்த வரும் ஒருவரிடம் எங்கள் கட்டடக் குழு நன்றாக ஏமாந்தது. பெயர் போடவில்லை. செய்த வேலையைச் சொல்கிறேன், உங்கள் பம்ப் அறையிலும் நடக்கலாம்.

மோட்டரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கில், இரண்டு பக்க இரும்புப் பற்களுக்கும் நடுவே நட்சத்திர வடிவில் ஒரு துண்டு இருக்கும். கடையில் ஸ்பைடர் என்றோ கப்ளிங் றப்பர் என்றோ கேட்டால் தருவார்கள். எங்களுடையதற்கு ஆறு கால். பம்ப் ஒரே திசையில்தான் சுற்றும் என்பதால், ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று கால்கள்தான் நசுங்கும். மற்ற மூன்றும் கிட்டத்தட்ட சும்மா இருக்கும். தேய்ந்த துண்டை ஒரு பல் தள்ளிப் போட்டால் அந்த மூன்றும் வேலைக்கு வரும். அவசரத்துக்குப் பலரும் செய்வதுதான், தப்பில்லை. இவர் அதைச் செய்துவிட்டு, "ஒரிஜினல், புதுசு" என்று முழுக் காசும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கொஞ்ச நாளில் மறுபடி தடதடப்பு, கப்ளிங்குக்குக் கீழே சிவப்புத் தூள். மறுபடி வந்து பார்த்த அதே ஆள் கரண்டைக் குறை சொன்னார். மேல்மாடியில் இருக்கும் ஐயா ஒருவர் துறைமுகத்தில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். கழற்றிய துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஆறு காலும் நசுங்கியிருந்தது. புதுத் துண்டென்றால் மூன்றுதான் நசுங்கியிருக்க வேண்டும். "தம்பி, இந்தப் பம்ப் எப்ப பின்பக்கமாச் சுத்தினது?" என்று கேட்டார். பதில் இல்லை.

அந்தத் தூளுக்கும் கரண்டுக்கும் சம்பந்தமில்லை. இரண்டு தண்டும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் துண்டு உராய்ந்து தேயும். ஐயா கப்ளிங்கின் மேல் இரும்பு அடிமட்டத்தை வைத்தபோது ஒரு பக்கம் வெளிச்சம் தெரிந்தது. மோட்டரின் காலடியில், உயரத்தைச் சரிசெய்யும் மெல்லிய ஷிம் தகடு போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். அதைச் செய்யாமல் எத்தனை புதுத் துண்டு போட்டாலும் இதே கதிதான்.

அப்புறம் பம்ப் திருத்த வந்தவர் சொன்ன மாற்றுவழி: "இன்னும் கட்டியானது போடுவோம், உடையாது." இதையும் நம்பாதீர்கள். கட்டியான பொலியூரிதேன் (றப்பர் போன்ற ஒரு பிளாஸ்டிக்) கூடுதல் முறுக்கு விசையைத் தாங்கும், உண்மைதான். ஆனால் கோணலைப் பொறுக்காது, அதிர்வையும் குறைவாகவே உறிஞ்சும், பாரம் பேரிங்கில் போய் விழும். சாதாரண பொலியூரிதேன் சூடும் ஈரமும் சேர்ந்தால் நாளடைவில் வெடித்து உதிரும். கொழும்பில் காற்றோட்டமில்லாத பம்ப் அறை எப்படியிருக்கும் என்று சொல்லவா வேண்டும்! நைட்ரைல் றப்பர் மென்மையானது, ஏறத்தாழ 100 பாகை செல்சியஸ் வரை தாங்கும். நிறத்தைப் பார்த்தும் வாங்காதீர்கள். ஒரு கம்பனியில் மஞ்சள் 92 ஷோர் ஏ (கடினத்தின் அளவு), சிவப்பு 98 என்று கணக்கு உண்டு, ஆனால் சாயம் யாரும் கலக்கலாம். துண்டில் அளவும் தயாரிப்பாளர் முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள்.

புதுத் துண்டைப் பொட்டலத்தோடு காட்டச் சொல்லுங்கள், மார்க்கரால் திகதி எழுதிவிட்டுப் பூட்டவிடுங்கள். பழையதைக் கொண்டுபோக விடாதீர்கள். பில்லில் பொருளின் பெயரும் அளவும் இருக்க வேண்டும். எங்களிடம் இருப்பது "கப்ளிங் வேலை" என்று மட்டும் எழுதிய தாள். பாதிக் காசு தருவதாகச் சொன்னவர் இப்போது போன் எடுப்பதில்லை. அந்தத் தாளையும் நசுங்கிய துண்டையும் வைத்துக்கொண்டு, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 எண்ணுக்கு அழைக்கப் போகிறோம். இதே ஆளிடம் மாட்டியவர்கள் இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே முறையிடலாம்.